‘கேச்’சைத் தினமும் துடைக்கலாமா?

“போன் மெதுவாக இருக்கிறதா? கேச்சைத் துடைத்துவிடு, சரியாகிவிடும்.” இந்த ஆலோசனையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கைப்பேசிக் கடையில் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்கள். ஒரே தட்டலில் குப்பை அகற்றுவதாகச் சொல்லும் செயலிகளும் இதைத்தான் விளம்பரம் செய்கின்றன. சில வீடுகளில் இரவு படுக்கப் போகும் முன் கேச்சைத் துடைப்பது பல் துலக்குவதைப் போன்ற பழக்கமாகவே ஆகிவிட்டது.

கோலாலம்பூரில், வீட்டில் கண்ணாடி இழை இணையம் வைத்திருப்பவருக்கு இந்தப் பழக்கத்தால் பெரிய நட்டம் தெரியாது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு லயத்து வீட்டில், முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய டேட்டாவை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துக்கு அது நன்றாகவே தெரியும். அவர்கள் துடைத்து எறிவது குப்பை என்று நினைக்கிறார்கள். உண்மையில், காசு கொடுத்து இறக்கி வைத்த பொருளையே எறிகிறார்கள்.

கேச் என்றால் என்ன, அதை எப்போது தொடக்கூடாது, எப்போது கட்டாயம் துடைக்க வேண்டும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மூடுபனியா, மலையா?

முதலில் நம் மலையின் சிக்கலைப் புரிந்துகொள்வோம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் மலையுச்சி ஏறத்தாழ 2,000 மீட்டர். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் தொடங்கிய போ தோட்டமும் அதன்பின் வந்த தோட்டங்களும் மண்ணையும் மழையையும் சரிவையும் பார்த்து அமைக்கப்பட்டவை. தொழிற்சாலையும் லயங்களும் பெரும்பாலும் மலை மடிப்புகளுக்குள் ஒதுங்கி நிற்கின்றன. அந்தக் காலத்தில் வானலையைப் பற்றி யாரும் யோசித்திருக்க முடியாது.

“பனி இறங்கினால் லைன் போய்விடுகிறது” என்று தோட்டத்தில் பலர் சொல்வார்கள். இயற்பியல் வேறு மாதிரி சொல்கிறது. 1,800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்லும் 4ஜி அலையின் அலைநீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். மூடுபனியில் மிதக்கும் நீர்த்துளியோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். இவ்வளவு சிறிய துளி, இவ்வளவு நீளமான அலையை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை.

தடையாக நிற்பது மலைதான். 17 சென்டிமீட்டர் அலைக்கு ஒரு குன்று பிரம்மாண்டமான சுவர். அலை ஓரளவு வளைந்து இறங்கும்; ஆனால் குன்றின் பின்புறம் ஆழமான பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்வது மிகவும் பலவீனமான மிச்சம்தான். வெளிச்சத்துக்கு நிழல் இருப்பது போல வானலைக்கும் நிழல் உண்டு. மேட்டில் நின்றால் மூன்று கோடு, வீட்டு வாசலில் ஒரு கோடு, சமையலறையில் ஒன்றுமில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கோபுரத்தின் திறனை, அதனுடன் இணைந்திருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் சுற்றுப்பயணிகள் மலையேறும்போது சாலை மட்டும் நெரிவதில்லை, வானலையும் சேர்ந்து நெரிகிறது.

நாட்டில் நிலைமை மேம்பட்டிருப்பது உண்மை. 2020 செப்டம்பரில் ஜென்டேலா திட்டம் தொடங்கியது. 2021-ஆம் ஆண்டு இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டு 4ஜி விரிவாக்கப்பட்டது. ஆனால் நாட்டின் சராசரி வேகம் உயர்ந்தாலும், ஒரு பள்ளத்தாக்கின் நிழல் தானாக விலகிவிடாது. அந்த நிழலில் வசிப்பவருக்கு, ஏற்கனவே இறங்கிய தரவு ஒவ்வொன்றும் மதிப்புள்ளது.

அலமாரியில் இருக்கும் தேயிலை டப்பா

கேச் என்ற சொல் பிரெஞ்சு மொழியில் ‘ஒளித்து வைத்தல்’ என்ற பொருள் தரும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. தமிழில் தற்காலிகச் சேமிப்பு என்று எழுதுகிறோம். பேச்சில் எல்லாருக்கும் தெரிந்த கேச் என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன்.

ஒவ்வொரு முறை தேநீர் போடும்போதும் நீங்கள் தொழிற்சாலைக்குப் போய் ஒரு கரண்டித் தூள் வாங்கி வருவதில்லை. ஒரு டப்பா வாங்கி அலமாரியில் வைக்கிறீர்கள். தண்ணீர் கொதித்ததும் கையை நீட்டி எடுக்கிறீர்கள். கேச் செய்யும் வேலை இவ்வளவுதான். அடிக்கடி தேவைப்படும் பொருளின் ஒரு பிரதியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது.

இந்த யோசனை இணையத்தைவிட மூத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல், கணினியின் பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்று எழுதினார். 1968-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம்/360 வரிசையில் 85-ஆம் மாதிரிக் கணினியில் அதைச் செய்து காட்டியது. அதே யோசனைதான் இன்று உங்கள் உலாவியிலும் இருக்கிறது.

நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது ஒரே ஒரு கோப்பு வருவதில்லை. எழுத்துகள், சின்னம், படங்கள், எழுத்துரு, பக்கத்தின் அழகை நிர்ணயிக்கும் கோப்பு, பொத்தான்களை இயக்கும் நிரல் என்று பல துண்டுகள் தனித்தனியாக வந்து சேர்கின்றன. ஒரு நாளிதழின் தளத்தில் செய்திகள் தினமும் மாறும். ஆனால் தளத்தின் சின்னமும் எழுத்துருவும் நிரலும் பல வாரங்களுக்கு அப்படியே இருக்கும். மாறாத துண்டுகளை உலாவி உங்கள் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்கிறது. மறுநாள் அதே தளத்துக்குப் போனால் புதிய செய்திகள் மட்டும் கோபுரம் வழியாக வரும். மற்றவை அலமாரியிலிருந்து வரும்.

காலாவதித் தேதியும் 304-உம்

“அப்படியானால் பழைய தகவலையே காட்டிக்கொண்டிருக்காதா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டப்பாவில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பதைப் போல, இணையதளம் அனுப்பும் ஒவ்வொரு கோப்புடனும் ஒரு குறிப்பு வரும். “இதை 86,400 விநாடி வைத்துக்கொள்” என்றால் ஒரு நாள். “31,536,000 விநாடி” என்றால் ஒரு வருடம். சின்னம், எழுத்துரு போன்றவற்றுக்கு நீண்ட காலமும், செய்திப் பக்கத்துக்குக் குறுகிய காலமும் தருவார்கள். “வைத்துக்கொள்ளவே கூடாது” என்ற குறிப்பும் உண்டு. வங்கிக் கணக்கு போன்ற பக்கங்களுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

காலம் முடிந்த கோப்பை உலாவி உடனே தூக்கி எறிவதில்லை. கோப்பு முதலில் வந்தபோது அதனுடன் ஓர் அடையாளக் குறியும் வந்திருக்கும். உலாவி அந்தக் குறியைச் சொல்லி, “என்னிடம் இது இருக்கிறது, இன்னும் செல்லுமா?” என்று தளத்தைக் கேட்கும். மாற்றம் இருந்தால் புதிய கோப்பு வரும். மாற்றம் இல்லையென்றால் தளம் 304 என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும். ‘மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே பயன்படுத்து’ என்பது அதன் பொருள். அந்தப் பதில் மிகச் சிறியது. ஒரு பெரிய படத்தை மீண்டும் இறக்குவதற்குப் பதிலாக ஒரு சிறு பதிலோடு வேலை முடிகிறது. 1997-இல் வெளிவந்த இணைய நெறிமுறையின் 1.1 பதிப்பு இந்தக் காலக் குறிப்பையும் அடையாளக் குறியையும் முறைப்படுத்தியது.

அலமாரி நிரம்பி வழியுமோ என்ற கவலையும் வேண்டாம். உலாவி தனக்கென ஓர் அளவை வைத்திருக்கிறது. அந்த அளவை எட்டும்போது நீண்ட நாள் தொடாத கோப்புகளை அதுவே நீக்கி இடம் பண்ணிக்கொள்ளும். ஆண்டிராய்டு கைப்பேசியில் சேமிப்பிடம் மிகவும் குறைந்தால் இயங்குதளமே செயலிகளின் கேச்சை எடுத்துவிடும். அதாவது, நீங்கள் தினமும் செய்யும் அந்த வேலையைச் செய்ய ஏற்கனவே ஆள் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பக்கத்தின் எடை 2 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய இணையத்தில் இது சாதாரண அளவுதான். அதில் 1.5 மெகாபைட் மாறாத பகுதி, 0.5 மெகாபைட் தினமும் மாறும் பகுதி என்க.

ஒரு மாணவி அந்தப் பக்கத்தைத் தினமும் ஒரு முறை, மாதத்தில் 20 நாள் திறக்கிறாள். இரவுதோறும் கேச்சைத் துடைத்தால் ஒவ்வொரு நாளும் முழுப் பக்கமும் இறங்க வேண்டும். 20 × 2 = 40 மெகாபைட். துடைக்காமல் விட்டால் முதல் நாள் 2 மெகாபைட், மீதி 19 நாள் 0.5 மெகாபைட். மொத்தம் 11.5 மெகாபைட். அவள் அப்படி 10 தளங்களுக்குப் போகிறாள் என்றால் ஒன்று 400 மெகாபைட், மற்றொன்று 115 மெகாபைட்.

நேரத்தையும் பார்ப்போம். பலவீனமான சிக்னலில் விநாடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்க. ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். 2 மெகாபைட் இறங்க 16 விநாடி ஆகும். 0.5 மெகாபைட்டுக்கு 4 விநாடி போதும். வேகமான இணைப்பில் இந்த வித்தியாசம் கண்ணிமைக்கும் நேரம். நம் பள்ளத்தாக்கில், எஸ்.பி.எம். முடித்த பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, பக்கம் திறக்குமா ‘காலம் கடந்துவிட்டது’ என்று அறுந்துபோகுமா என்பதை இந்த 12 விநாடி தீர்மானிக்கலாம்.

தூரமும் ஒரு கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். அமெரிக்காவில் 14,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கணினியைக் கேட்டுப் பதில் வாங்க, போக வர 28,000 கிலோமீட்டர். வேறு தாமதமே இல்லாவிட்டாலும் 0.14 விநாடி. ஒரு பக்கத்துக்குப் பல கேள்விகள் போவதால் இது கூடிக்கொண்டே போகும். இதைக் குறைக்கத்தான் பெரிய தளங்கள் தங்கள் கோப்புகளின் பிரதிகளை உலகின் பல நகரங்களில் வைக்கின்றன. 1998-இல் தொடங்கப்பட்ட ஆக்கமாய் நிறுவனம் இதில் முன்னோடி. தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையில் மொத்த வியாபாரி, மளிகைக்கடை என்று இருப்பதைப் போல இங்கேயும் வரிசையாகக் கிடங்குகள் இருக்கின்றன. அந்த வரிசையில் உங்களுக்கு மிக அருகில் இருப்பது உங்கள் கைப்பேசியின் கேச். கோபுரத்தையே தொடாமல் பொருள் தரும் கிடங்கு அது ஒன்றுதான்.

முன்பெல்லாம் ஒரு பள்ளியோ அலுவலகமோ தன் வாசலில் பொதுவான கேச் கணினி ஒன்றை வைத்து, 30 பேர் கேட்கும் ஒரே பக்கத்தை ஒரு முறை மட்டும் இறக்க முடிந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்து அனுப்புவதால், இடையில் இருக்கும் கணினியால் உள்ளே இருப்பதைப் பார்த்துச் சேமிக்க முடியாது. பாதுகாப்புக்கு இது நல்லது. ஆனால் அதன் விளைவாக ஒவ்வொரு கைப்பேசியும் தன் பிரதியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

அறிவியலில் சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. இதோ ஒரு சோதனை. வீட்டில் ஒரு கணினியோ மடிக்கணினியோ இருந்தால் போதும்.

1. குரோம் உலாவியில் வழக்கமாகப் படிக்கும் ஒரு தளத்தைத் திறந்துகொள்ளுங்கள்.
2. விசைப்பலகையில் எஃப்12 விசையை அழுத்துங்கள். ஒரு பலகை திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குப் போங்கள்.
3. அங்கே ‘டிஸேபிள் கேச்’ என்ற கட்டத்தில் குறியிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். கீழே எத்தனை மெகாபைட் இறங்கியது, எத்தனை விநாடி ஆனது என்று காட்டும். குறித்துக்கொள்ளுங்கள்.
4. இப்போது அந்தக் குறியை எடுத்துவிட்டு மீண்டும் புதுப்பியுங்கள். இந்த எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.
5. இதை மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

பட்டியலில் சில கோப்புகளுக்கு நேராக ‘டிஸ்க் கேச்’ அல்லது ‘மெமரி கேச்’ என்று எழுதியிருக்கும். அவை வானலையைத் தொடாமல் வந்தவை.

கைப்பேசி மட்டுமே இருக்கிறதா? ஒரு மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, இதுவரை அந்தச் சாளரத்தில் போகாத ஒரு தளத்துக்குச் செல்லுங்கள். மறைநிலைச் சாளரம் காலியான கேச்சோடு தொடங்கும். பக்கம் முழுதாகத் தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு வழக்கமான சாளரத்தில் அதே தளத்தை இரண்டு முறை திறந்து, இரண்டாவது முறையின் நேரத்தை அளந்து ஒப்பிடுங்கள். மேட்டில் ஒரு முறையும் வீட்டுக்குள் ஒரு முறையும் செய்தால் இன்னும் சுவையாக இருக்கும். சிக்னல் குறையக் குறைய கேச்சின் உதவி கூடுவதை உங்கள் எண்களே சொல்லும்.

கேச் வேறு, குக்கி வேறு

துடைக்கும் பெட்டியைத் திறந்தால் பல கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் குறியிட்டு ஒரே தட்டில் அழிப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். ஒவ்வொன்றும் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

‘வரலாறு’ என்பது நீங்கள் எந்தெந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்ற பட்டியல்.

‘குக்கி’ என்பது தளம் உங்களை அடையாளம் காண வைத்திருக்கும் சிறு குறிப்பு. நுழைவுச் சீட்டு மாதிரி. அதை அழித்தால் தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். கல்வியமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா கற்றல் தளத்துக்குள் நுழைந்திருந்த பிள்ளை மறுபடியும் கடவுச்சொல் போட வேண்டும். கடவுச்சொல் நினைவில்லாத பிள்ளையின் நிலை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

‘கேச்’ என்பது படங்கள், கோப்புகள். இதை அழித்தால் எந்தத் தளத்திலிருந்தும் வெளியேற மாட்டீர்கள். வேகமும் டேட்டாவும்தான் போகும்.

‘கடவுச்சொற்கள்’ என்ற கட்டமும் இருக்கும். சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும். யோசிக்காமல் அதில் குறியிட வேண்டாம்.

ஆண்டிராய்டு அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு பொத்தான்கள் இருப்பதையும் கவனியுங்கள். ஒன்று கேச்சை மட்டும் துடைக்கும். மற்றொன்று அந்தச் செயலியின் சேமிப்பு முழுவதையும் அழிக்கும். இரண்டாவதைத் தொட்டால், இணையமில்லாமல் படிக்க நீங்கள் அந்தச் செயலிக்குள் இறக்கி வைத்த பாடமும் போய்விடலாம். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் அவசரத்தில் கை தவறும்.

“டீச்சர், போனில் இடமே இல்லை” என்று பெற்றோர் கைப்பேசியை நீட்டும்போது நான் முதலில் பார்ப்பது கேச்சை அல்ல, வாட்ஸ்அப்பை. பல குழுக்களிலிருந்து வந்த காலை வணக்கப் படங்களும் காணொளிகளும்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடம் பற்றிய பகுதிக்குப் போனால் எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். அங்கே களையெடுங்கள். படங்கள் தானாக இறங்குவதையும் அங்கிருந்தே நிறுத்தலாம். டேட்டாவும் மிச்சம்.

எப்போது துடைக்க வேண்டும்?

கேச்சைத் துடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில நேரம் டப்பாவில் இருப்பது கெட்டுப்போகும். தளத்தை மாற்றியமைத்திருப்பார்கள், பக்கம் புதியதாகவும், பொத்தானை இயக்கும் நிரல் பழையதாகவும் இருக்கும். அப்போது சில அறிகுறிகள் தெரியும்:

- படிவத்தை நிரப்பிய பிறகு ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது.
- எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பக்கம் கோணலாகத் தெரியும்.
- மற்றவர்களுக்குப் புதிய அறிவிப்பு தெரியும். உங்களுக்குப் பழையதே வரும்.
- சிக்னல் அறுந்து அறுந்து வந்தபோது திறந்த பக்கத்தில் படங்கள் பாதியோடு நிற்கும்.

இப்படி ஏதாவது நடந்தால் வரிசையாக இதைச் செய்யுங்கள்.

முதலில், பக்கத்தைச் சாதாரணமாகப் புதுப்பியுங்கள். பாதிக்கும் மேற்பட்ட சிக்கல்கள் இதிலேயே தீரலாம்.

இரண்டாவது, கணினியாக இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கேச்சைத் தாண்டிச் சென்று புதிய கோப்புகள் வரும். மற்ற தளங்களின் சேமிப்பு அப்படியே இருக்கும்.

மூன்றாவது, அதே பக்கத்தை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வேலை செய்தால் கோளாறு உங்கள் கேச்சிலோ குக்கியிலோ இருக்கிறது. அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு தளத்திலோ இணைப்பிலோ இருக்கக்கூடும். அப்போது கேச்சைத் துடைத்துப் பெரும்பாலும் பயனில்லை, டேட்டாதான் வீண். இந்த ஒரு சோதனையை நினைவில் வைத்துக்கொண்டால் தேவையில்லாத துடைப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

கடைசியாகத்தான் துடைப்பு. ஆண்டிராய்டு குரோமில் மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், உலாவல் தரவை நீக்குதல் என்று செல்லுங்கள். மேலும் விருப்பங்களைத் திறந்தால் தனித்தனிக் கட்டங்கள் தெரியும். மற்ற எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, ‘கேச் படங்களும் கோப்புகளும்’ என்ற ஒன்றில் மட்டும் குறியிட்டு நீக்குங்கள். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் கொஞ்சம் மாறலாம். ஐபோனில் அமைப்புகளில் சஃபாரி பகுதிக்குப் போய், மேம்பட்ட அமைப்புகளில் இணையதளத் தரவு என்ற பட்டியலைத் திறந்தால், சிக்கல் தரும் தளத்தை மட்டும் நீக்கலாம். அதில் குக்கியும் சேர்ந்தே போகும். அந்தத் தளத்தில் மீண்டும் நுழைய வேண்டியிருக்கும்.

முடிந்தால் வைஃபை இருக்கும் இடத்தில் துடையுங்கள். துடைத்த கையோடு, அடிக்கடி பயன்படுத்தும் தளங்களை அங்கேயே ஒரு முறை திறந்துவிடுங்கள். அலமாரி மறுபடி நிரம்பிவிடும்.

பலர் தொடும் கருவி

ஓர் இடத்தில் மட்டும் என் ஆலோசனை தலைகீழாக மாறும். பள்ளிக் கணினிக்கூடம், நூலகம், இணைய மையம், கடையில் இரவல் வாங்கிய கணினி போன்ற பொதுக் கருவிகளில் எதையும் விட்டு வராதீர்கள். அங்கே வேகத்தைவிட உங்கள் அடையாளம் முக்கியம். அடுத்து உட்காருபவர் உங்கள் மின்னஞ்சலைத் திறந்துவிடக் கூடாது. தொடக்கத்திலேயே மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் தளத்திலிருந்து முறையாக வெளியேறி, மறைநிலைச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். அந்தச் சாளரத்தின் கேச்சும் குக்கியும் அதோடு அழிந்துவிடும். நீங்கள் இறக்கிய கோப்புகள் மட்டும் கணினியிலேயே இருக்கும். அவற்றை நீங்களே அழிக்க வேண்டும்.

வழக்கமான சாளரத்திலேயே வேலை செய்துவிட்டீர்களா? கேச்சை மட்டும் துடைப்பது போதாது. மேலே பார்த்தது போல, கேச் போனாலும் குக்கி இருக்கும். உங்கள் கணக்கும் திறந்தே இருக்கும். இங்கே குக்கியையும் வரலாற்றையும் சேர்த்து நீக்க வேண்டும்.

வீட்டில் அண்ணன், தங்கை எல்லாரும் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தினால், ஒவ்வொருவரும் தங்கள் கணக்கிலிருந்து வெளியேறும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். கேச் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். தங்கை திறந்த பாடத்தளத்தின் சின்னமும் நிரலும் அண்ணனுக்கும் பயன்படும்.

சிக்னல் இருக்கும்போதே

கேச் உதவும், ஆனால் அதை முழுதாக நம்பவும் கூடாது. எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பதை உலாவிதான் முடிவு செய்கிறது. நாளை பாடத்துக்குக் கட்டாயம் தேவைப்படும் பக்கம் என்றால் அதை நீங்களே இறக்கி வையுங்கள். ஆண்டிராய்டு குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரியும். அதைத் தொட்டால் அந்தப் பக்கம் இணையமில்லாமலும் படிக்கும்படி சேமிக்கப்படும். இது கேச்சிலிருந்து வேறான சேமிப்பு. கேச்சைத் துடைத்தாலும் போகாது. பள்ளியிலோ, தானா ராத்தா கடைவீதியிலோ, மேட்டுச் சாலையிலோ நல்ல சிக்னல் கிடைக்கும் நேரத்தில் இதைச் செய்துகொள்ளலாம். நீண்ட விடுமுறைக்குக் கூட்டம் மலையேறும் முன், வாரநாளிலேயே பாடங்களை இறக்கி வைப்பது இன்னும் நல்லது.

குப்பை அகற்றும் செயலிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றில் பல, விளம்பரம் காட்டவே உங்கள் டேட்டாவைச் செலவழிக்கின்றன. பின்னணியில் ஓடி மின்கலத்தையும் குடிக்கின்றன. அவை செய்வதாகச் சொல்லும் வேலையைக் கைப்பேசியே செய்துகொள்ளும் என்று மேலே பார்த்தோம். அப்படி ஒன்று உங்கள் கைப்பேசியில் இருந்தால், துடைக்க வேண்டியது முதலில் அதைத்தான்.

இந்த வாரம் அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். கேச்சோடு ஒரு முறை, கேச் இல்லாமல் ஒரு முறை. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது “கேச்சைத் துடைத்துவிடு, போன் பறக்கும்” என்று சொன்னால், வாக்குவாதம் வேண்டாம். அந்தத் தாளைக் காட்டுங்கள்.